ஆக்டிவ் பிக்கப் கிட்டார்: பேட்டரி ஒயரிங்கை எங்கெங்கே தொட்டுப் பார்ப்பது

"பிக்கப் போயிடுச்சுண்ணா."

ஆக்டிவ் பிக்கப், அதாவது கம்பியின் அதிர்வை மின் சிக்னலாக்கும், பேட்டரியில் ஓடும் பிக்கப், வைத்த கிட்டாரைத் தூக்கிக்கொண்டு பெரம்பூரில் என் மாடி அறைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர், செருப்பைக் கழற்றும்போதே இதைச் சொல்லிவிடுவார்கள். பிக்கப் உண்மையிலேயே போனதை இத்தனை வருஷத்தில் இரண்டு தடவைதான் பார்த்திருக்கிறேன். மற்றதெல்லாம் பேட்டரி, அதன் கிளிப், கேபிள் செருகும் ஜாக், இவற்றுக்கு நடுவே ஓடும் ஒரு ஜாண் ஒயர். புது பிக்கப்புக்குப் பணம் எண்ணி வைப்பதற்கு முன்னால் அந்த ஒரு ஜாணைச் சோதித்துவிடுங்கள். அரை மணி நேரம் போதும். ஈயம் வைக்கத் தெரியாதவர்கள்கூடச் சோதனையை முழுசாகச் செய்யலாம். தப்பு எங்கே என்று தெரிந்த பிறகு பக்கத்து ரேடியோக் கடையில் கொடுத்துப் பத்த வைத்து வாங்கிக்கொண்டால் ஆயிற்று.

என் மேஜைக்கு அதிகம் வரும் கிட்டாரையே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன்: எல்டிடி இசி-1000. பிரிட்ஜ் (கம்பிகளின் அடிமுனை உட்காரும் இடம்) பக்கம் இஎம்ஜி கம்பெனியின் 81 பிக்கப், கழுத்துப் பக்கம் இஎம்ஜி 60. மெட்டாலிகாவின் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்ட் வாசித்துப் பிரபலமான ஜோடி. சாதாரண பிக்கப் என்றால் காந்தம், அதைச் சுற்றிப் பல ஆயிரம் சுற்றுக் கம்பி, அவ்வளவுதான், பேட்டரியே வேண்டாம். இந்த ஆக்டிவ் ரகத்தில் சுற்று குறைவு, அதனால் சிக்னலும் சிறிசு. அதைத் தூக்கிவிடுவதற்கு பிக்கப்புக்குள்ளேயே ஒரு சின்ன பிரீஆம்ப் உட்கார்ந்திருக்கிறது. வால்யூம் கண்ட்ரோல்கூட வழக்கமான 250, 500 கிலோ ஓம் இல்லை, 25 கிலோ ஓம்தான். பேட்டரி மின்சாரம் வராவிட்டால் பிரீஆம்ப் தூங்கிவிடும், கிட்டார் ஊமையாகிவிடும். எபாக்சி ஊற்றி அடைத்திருப்பதால் உள்ளே திறந்து பார்க்கவும் வழியில்லை. ஆக நாம் கைவைக்க முடிந்தது வெளியே இருக்கும் ஒயரிங் மட்டும்தான்.

இனி விஷயத்துக்கு வருவோம். பேட்டரியை ஆன் ஆஃப் செய்ய கிட்டாரில் தனி சுவிட்ச் எதுவும் கிடையாது. கேபிள் செருகுகிற ஜாக்தான் சுவிட்ச். கிட்டாரின் ஒலி மோனோ. ஆனாலும் உள்ளே இருப்பது ஸ்டீரியோ ஜாக். அதில் மூன்று கால். ஒன்று நுனி, சிக்னல் போகும் இடம். ஒன்று உடல், கிரவுண்டு. நடுவில் இருக்கும் வளையத்துக்கு ஒரு கால். இந்த மூன்றாவது காலில்தான் பேட்டரியின் கறுப்பு ஒயர் வந்து நிற்கிறது. சிவப்பு ஒயர் பிக்கப்புகளுக்கு நேராகப் போய்விடும். கறுப்பு மட்டும் இங்கே அந்தரத்தில் தொங்கும். நாம் செருகும் மோனோ கேபிளின் பிளக்கில் நுனிக்குக் கீழே முழுவதும் ஒரே உலோகக் குழாய். அது உள்ளே போனதும் வளையத்தின் காலையும் உடலின் காலையும் சேர்த்துத் தொடுகிறது. கறுப்பு ஒயருக்கு கிரவுண்டு கிடைத்தது, பேட்டரி ஆன். பிளக்கை உருவினால் ஆஃப். கேபிளைச் செருகியபடியே கிட்டாரை ஸ்டாண்டில் வைத்துவிட்டுத் தூங்கப் போகாதே என்று சொல்வது இதனால்தான்.

இது புரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. கோளாறு எங்கே என்று கேட்டால், பெரும்பாலும் அந்தக் கறுப்பு ஒயரின் ஏதோ ஒரு முனையில்தான்.

தேவையான சாமான்கள் அதிகமில்லை. ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர். சென்னை ரிட்சி தெருவில் முந்நூறு நானூறு ரூபாய்க்குக் கிடைக்கும் மஞ்சள் மீட்டரே போதும். ஒயர் தொடர்ச்சி பார்க்கும்போது 'பீப்' என்று கூவுகிறதா என்று மட்டும் கடையிலேயே கேட்டு வாங்குங்கள், சில மாடல்களில் அது இருக்காது. மைக்ரோ ஆம்பியர் அளவும் அதில் இருக்க வேண்டும். அப்புறம் ஸ்டார் ஸ்குரூடிரைவர், மோனோ கேபிள் ஒன்று, புது 9 வோல்ட் பேட்டரி ஒன்று, கழற்றிய ஸ்குரூக்களைப் போட ஒரு கிண்ணம். கிட்டாரைக் குப்புறப் போடும்போது அடியில் மெத்தென்ற துண்டை விரியுங்கள். ஹெட்ஸ்டாக் (கிட்டாரின் தலைப்பகுதி) மேஜைக்கு வெளியே தொங்கட்டும்.

முதலில் பேட்டரி. மீட்டரை டிசி 20 வோல்ட்டில் வைத்து பேட்டரியை நேராக அளங்கள். புது ஆல்கலைன் 9.4, 9.5 காட்டும். 9-க்குக் கீழே வந்தாலும் கிட்டார் ஒழுங்காகவே பாடும். 7.5-க்கு வந்துவிட்டால் நான் மாற்றிவிடுவேன். அதற்கும் கீழே போகும்போது அழுத்தி அடித்த ஸ்வரம் மட்டும் கிழியும், மெதுவாக வாசித்தால் சரியாக இருக்கும். இதைக் கேட்டு ஆம்ப் ஸ்பீக்கர் கிழிந்துவிட்டது என்று நினைத்தவர்கள் உண்டு.

கடைக்காரர் தரும் பேட்டரியின் உடம்பில் என்ன எழுதியிருக்கிறது என்றும் பாருங்கள். 6எஃப்22 என்றிருந்தால் அது சாதாரண துத்தநாக-கார்பன் ரகம். 6எல்ஆர்61 என்றிருந்தால் ஆல்கலைன். ரிமோட் பொம்மைக்கு முதல் ரகம் சரி. கிட்டாருக்குள் மாதக்கணக்கில் மூடி வைக்கப்போகிறோம். அது ஒழுகி, கிளிப்பில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்து, பக்கத்து ஒயரையும் தின்றுவிட்டுப் போகும். ரீசார்ஜ் பேட்டரி போடுகிறவர்கள் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். யுஎஸ்பி கேபிளால் சார்ஜ் ஆகும் 9 வோல்ட் பேட்டரிக்குள் வோல்டேஜை ஏற்றிக் கொடுக்கும் ஒரு சின்ன சர்க்யூட் இருக்கும். சிலவற்றில் அதன் கீச்சொலி ஆம்ப் வரைக்கும் கேட்கும். ஒயரிங்கில் தப்பு தேடி ஒரு மாலைப்பொழுதை இப்படி நான் வீணடித்திருக்கிறேன்.

பேட்டரி சரி என்றால் அடுத்தது கிளிப். இங்கே அவசரப்படாதீர்கள். பேட்டரியின் தலையில் இரண்டு பட்டன்: சின்ன வட்டமானது பிளஸ், பூவிதழ் மாதிரி விரிந்த பெரியது மைனஸ். கிளிப்பில் இது தலைகீழ். சின்னது போய்ப் பெரியதில் மாட்டுவதால், கிளிப்பில் இருக்கும் சின்ன வட்டம்தான் மைனஸ், கறுப்பு ஒயர். பெரிய பூவிதழ் பிளஸ், சிவப்பு. செத்த பேட்டரியின் தலையை உரித்து அதையே கிளிப்பாக்கும் பழக்கம் ரேடியோக்காரர்களிடம் உண்டு. என் அப்பாவும் அப்படித்தான் செய்வார், ஆனால் ஒயர் நிறத்தை மாற்றிவைப்பார். அதை யோசிக்காமல் பிளஸ் பட்டனில் சிவப்பு ஒயரை வைத்தால் கிட்டாருக்குத் தலைகீழ் மின்சாரம் போகும். சில பிரீஆம்ப் தாங்கும், சில தாங்காது. எது தாங்கும் என்று சோதித்துப் பார்க்கும் ஆசை வேண்டாம்.

கிளிப்பின் பிடிமானத்தைப் பாருங்கள். மாட்டும்போது 'டக்' என்று உட்கார வேண்டும். தொளதொளவென்று இருந்தால் பெரிய பட்டனின் இதழ்களை மூக்குப் பிளையரால் லேசாக உள்பக்கம் நெருக்கிவிடலாம். பிறகு ஒயர். கிளிப்பின் ரப்பர் மூடிக்குள் ஒயர் நுழைகிற இடம்தான் இவற்றின் பலவீனம். பேட்டரியை மாற்றும் ஒவ்வொரு முறையும் நாம் ஒயரைப் பிடித்துத்தானே இழுக்கிறோம்! மேலே பிளாஸ்டிக் உறை நன்றாகவே இருக்கும், உள்ளே செம்பு அறுந்திருக்கும். இரண்டு விரலால் பிடித்து ஒயரை மெதுவாக இழுத்துப் பாருங்கள். செம்பு இருந்தால் விறைப்பாக நிற்கும். அறுந்திருந்தால் அந்த இடம் மட்டும் சூயிங்கம் மாதிரி நீளும். மீட்டரைக் கூவும் நிலையில் வைத்து, ஒரு முனையைக் கிளிப்பின் பட்டனிலும் மறுமுனையை ஒயர் போய்ச் சேரும் இடத்திலும் வைத்துக்கொண்டு ஒயரை ஆட்டுங்கள். சத்தம் விட்டுவிட்டு வந்தால் கிளிப்பை மாற்றிவிடுங்கள். டீ விலைதான், ஒட்டுப்போட்டு மிச்சம் பிடிக்கிற சாமான் அது இல்லை.

இப்போது ஜாக். பேட்டரியைக் கழற்றி ஓரமாக வைத்துவிடுங்கள். ஜாக் தகட்டின் ஸ்குரூக்களை எடுத்து, ஒயர் இழுபடாமல் ஜாக்கை வெளியே கொண்டுவாருங்கள். திறந்த ரக ஜாக் என்றால் பார்த்தே சொல்லிவிடலாம்: நீளமாக வளைந்து தூரத்தில் நிற்கும் கை நுனிக்கு, அதைவிடக் குட்டையான கை வளையத்துக்கு, உடம்போடு ஒட்டியிருக்கும் கால் கிரவுண்டுக்கு. குழாய் மாதிரி மூடிய ஜாக் என்றால் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது, பின்னால் மூன்று கால் மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும். அப்போது கேபிளைச் செருகி, கேபிளின் மறுமுனை பிளக்கின் நுனியில் ஒரு கம்பியை வைத்து எந்தக் கால் கூவுகிறதோ அதுதான் நுனி. மிச்சம் இரண்டில், ஜாக்கின் வெளி உலோகத்தோடு கேபிள் செருகாமலே கூவுவது கிரவுண்டு. மீதி வளையம். ஒரு துண்டுக் காகிதத்தில் படம் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து நிமிஷத்தில் மறந்துவிடும்.

முக்கியமான சோதனை இது. மீட்டரின் ஒரு கம்பி கிளிப்பின் கறுப்புப் பட்டனில், மற்றது ஜாக்கின் உடலில். கேபிள் செருகாமல் கூவக் கூடாது. கேபிளைச் செருகியதும் கூவ வேண்டும். உருவினால் நின்றுவிட வேண்டும். பத்துத் தடவை செருகி உருவிப் பாருங்கள். செருகியபடி பிளக்கைச் சுற்றிப் பாருங்கள், மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். கேபிளின் மறுமுனை எதிலும் செருகாமல் சும்மா கிடக்கட்டும்.

செருகியும் கூவவில்லை என்றால் கிட்டார் ஊமையானதற்குக் காரணம் கிடைத்துவிட்டது. வளையத்தின் கையில் துருவோ அழுக்கோ இருக்கலாம், அல்லது அது விறைப்பு இழந்து பிளக்கைத் தொடாமல் நிற்கலாம். சுத்தம் செய்து, கையை ஒரு மயிரிழை உள்ளே வளைத்துவிட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். அதைவிட அடிக்கடி நான் பார்ப்பது ஒயர் அறுந்து கிடப்பதை. ஜாக்கின் நட் தளர்ந்து, கேபிளோடு சேர்ந்து ஜாக்கும் சுற்றிச் சுற்றி, ஒயர் முறுக்கேறிக் கடைசியில் ஈயம் வைத்த இடத்தில் முறிந்திருக்கும். நட்டை இறுக்கும்போது ஜாக்கை உள்பக்கம் ஒரு கையால் பிடித்துக்கொள்ளுங்கள். வெளியே ஸ்பானரை மட்டும் சுற்றினால் அதே ஒயரை நாமே முறுக்கி முறிப்போம்.

செருகாமலே கூவுகிறதா? அப்படியென்றால் பேட்டரி எப்போதும் ஆனில் இருக்கிறது. கறுப்பு ஒயரை யாரோ உடல் காலில் வைத்துப் பத்தியிருக்கலாம். உடைந்த ஸ்டீரியோ ஜாக்குக்குப் பதில் மோனோ ஜாக் போட்ட கடைகளில் இது நடக்கும்: வளையக் கால் இல்லை, கையில் ஒரு கறுப்பு ஒயர் மிச்சம், கறுப்பு என்றால் கிரவுண்டுதானே என்று அங்கேயே சேர்த்துவிடுவார்கள். கிட்டாரும் வாசிக்கும், வாடிக்கையாளரும் சந்தோஷமாகப் போவார். இன்னொரு காரணம், ஜாக் குழியில் ஒட்டியிருக்கும் செம்புத் தாளையோ பூசியிருக்கும் கறுப்புக் கடத்திப் பெயின்ட்டையோ வளையக் கால் போய் உரசுவது. ஜாக் வெளியே இருக்கும்போது சரியாக இருந்து, உள்ளே வைத்து ஸ்குரூ போட்டதும் கூவினால் இதுதான். ஜாக்கைக் கொஞ்சம் திருப்பி வையுங்கள், அல்லது காலுக்கு நேராகக் குழிச் சுவரில் ஒரு துண்டு இன்சுலேஷன் டேப்.

அடுத்து, அதே கூவும் நிலையில் கிளிப்பின் சிவப்புப் பட்டனுக்கும் ஜாக்கின் உடலுக்கும் நடுவே பாருங்கள். கேபிள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இங்கே கூவவே கூடாது. கூவினால் ஷார்ட். அதைச் சரிசெய்யாமல் பேட்டரியை மாட்டாதீர்கள், பேட்டரி சூடேறி வீணாகும். அடுத்து வரும் சோதனையில் மீட்டரின் ஃபியூஸும் போய்விடும். ஃபியூஸ் போனால் மீட்டர் எந்தக் கரண்டுக்கும் பூஜ்யம்தான் காட்டும், நாம் எல்லாம் சரி என்று நம்பிக்கொண்டிருப்போம்.

இனி என் கணக்குக்கு வருகிறேன். இஎம்ஜி 81 ஒன்று சுமார் 80 மைக்ரோ ஆம்பியர் எடுக்கும், 60-ம் கிட்டத்தட்ட அதே அளவு. இரண்டும் சேர்ந்து 160. நல்ல ஆல்கலைன் பேட்டரியில் சுமார் 550 மில்லி ஆம்பியர்-மணி இருக்கும். வகுத்துப் பார்த்தால் 3400 மணி நேரத்துக்கு மேல். அதாவது கேபிளை உருவாமலே விட்டுவைத்தால்கூட நாலரை மாதம் தாங்க வேண்டும். தினம் ஒரு மணி நேரம் வாசித்து ஒழுங்காக உருவி வைத்தால் பேட்டரி தன் வயசாலேயே செத்துப்போகும், கிட்டார் தின்று தீர்க்காது.

எல்லா ஆக்டிவ் பிக்கப்பும் இப்படி சிக்கனம் இல்லை. ஃபிஷ்மேன் ஃபுளூயன்ஸ் மாதிரியானவை மில்லி ஆம்பியர் கணக்கில் இழுக்கும். அவற்றில் கேபிளை மறந்து விட்டுவைத்தால் ஒரு வாரம், பத்து நாளில் பேட்டரி காலி. உங்கள் பிக்கப்போடு வந்த தாளில் ஒன்று எவ்வளவு எடுக்கும் என்று போட்டிருக்கும், எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கணக்கு எதற்கு என்றால், போன வருஷம் மழைக்காலத்தில் ஒரு தம்பி வந்தான். சர்ச் பாடகர் குழுவில் வாசிக்கிறவன். செகண்ட் ஹேண்டில் வாங்கிய இசி-1000. "ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் புது பேட்டரி போடுறேண்ணா. அடுத்த ஞாயிறு செத்துக் கிடக்குது." கேபிளை உருவி வைப்பாயா என்றேன். "சத்தியமா உருவிடுவேன்." ஜாக்கைச் சோதித்தேன், செருகினால் கூவுகிறது, உருவினால் நிற்கிறது, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஜாக்கில் தப்பு இருந்தால்கூட நாலரை மாதம் வர வேண்டும், இவனுக்கு ஒரு வாரம்தான் வருகிறது. 550-ஐ ஒரு வாரத்தின் 168 மணி நேரத்தால் வகுத்தால் 3 மில்லி ஆம்பியருக்குமேல். பிக்கப் இரண்டும் கேட்பதைப்போல் இருபது மடங்கு. வேறு ஏதோ ஒன்று உள்ளே உட்கார்ந்து குடித்துக்கொண்டிருக்கிறது.

அதை எப்படி அளப்பது? 9 வோல்ட் கிளிப்பில் இது சுலபம். மீட்டரை டிசி கரண்டில் 2000 மைக்ரோ ஆம்பியர் நிலைக்குக் கொண்டுபோங்கள். கிளிப்பின் ஒரு பட்டனை மட்டும் பேட்டரியில் மாட்டி, அதையே அச்சாக வைத்துக் கிளிப்பைப் பக்கவாட்டில் திருப்பினால் மற்ற இரண்டு பட்டனும் விலகி நிற்கும். விலகி நிற்கும் பேட்டரிப் பட்டனில் மீட்டரின் ஒரு கம்பி, கிளிப் பட்டனில் மற்றது. இப்போது மின்சாரம் மீட்டர் வழியாகத்தான் போயாக வேண்டும். கம்பி மாறிப்போனால் எண்ணுக்கு முன்னால் கழித்தல் குறி வரும், பரவாயில்லை. ஆனால் இந்த நிலையில் இருக்கும் மீட்டரைப் பேட்டரியின் இரண்டு பட்டனிலும் நேராக வைத்துவிடாதீர்கள், அதுவே ஷார்ட்.

கேபிள் செருகாமல் பூஜ்யம் காட்ட வேண்டும். செருகினால் 150, 170 என்று ஏதாவது. அந்தத் தம்பியின் கிட்டாரில் கேபிள் செருகாமலே மீட்டர் திரையின் ஓரத்தில் ஒற்றை 1 நின்றது. அளவுக்கு மீறிவிட்டது என்று அர்த்தம். 20 மில்லி ஆம்பியர் நிலைக்கு மாற்றினேன். 3.18.

பின்மூடியை முழுவதும் திறந்து டார்ச் அடித்துத் தேடினேன். ஒயர் கட்டு, ஒயருக்கு மேல் ஒயர், ஒன்றும் பிடிபடவில்லை. சலித்துப்போய் டார்ச்சை அணைத்துவிட்டுப் பார்த்தபோதுதான் தெரிந்தது: சுவிட்ச் ஒயர்களுக்கு அடியில், பிசுபிசுத்துப்போன கறுப்பு டேப் சுருளுக்குள்ளிருந்து ஒரு சிவப்பு. பீடி நுனி அளவு. டேப்பைப் பிரித்தால் எல்இடி விளக்கு ஒன்று, அதன் காலில் 2.2 கிலோ ஓம் ரெசிஸ்டர். பழைய சொந்தக்காரர் பேட்டரி இருக்கிறதா என்று பார்க்க ஆசைப்பட்டு மாட்டியிருக்கிறார், பிறகு பிடிக்காமல் டேப் சுற்றி உள்ளே தள்ளிவிட்டார் போல. அதை அவர் மாட்டியிருந்தது கிளிப்பின் சிவப்புக்கும் கறுப்புக்கும் நேராக, அதாவது ஜாக் சுவிட்சுக்கு முன்னால். ஆகவே கேபிள் இருந்தாலும் இல்லாவிட்டாலும், பெட்டிக்குள் பூட்டி வைத்தாலும், அந்த இருட்டுக்குள் அது ராப்பகலாக எரிந்துகொண்டே இருந்திருக்கிறது. 9 வோல்ட்டில் விளக்கு 2 வோல்ட்டை எடுத்துக்கொள்ள, மீதி 7 வோல்ட்டை 2200 ஓமால் வகுத்தால் 3.18 மில்லி ஆம்பியர். மீட்டர் சொன்னதும் அதுதான்.

தம்பிக்கு விளக்கைப் பார்த்ததும் ஆசை. "வெளிய தெரியிற மாதிரி வெச்சுத் தாங்கண்ணா." சரி என்று, ரெசிஸ்டரை 10 கிலோ ஓமாக மாற்றி, விளக்கின் மைனஸ் காலைக் கறுப்பு ஒயரிலிருந்து எடுத்து வால்யூம் கண்ட்ரோலின் உலோக முதுகில், கிரவுண்டில், வைத்துப் பத்தினேன். இப்போது கேபிள் செருகினால் மட்டும் எரிகிறது. அப்படியும் பிக்கப்புகளைவிட நாலு மடங்கு குடிக்கும் என்று சொல்லித்தான் அனுப்பினேன். என் கிட்டாரில் நான் விளக்கு வைக்கமாட்டேன்.

ஜாக், கிளிப் இரண்டும் சரி, ஆனால் ஒரு பிக்கப் மட்டும் வேலை செய்யவில்லை என்றால் சிவப்புப் பக்கத்தைப் பாருங்கள். பேட்டரியின் சிவப்பும் இரண்டு பிக்கப்பின் சிவப்பும் ஓரிடத்தில் சேரும். பழைய கிட்டாரில் மூன்றையும் முறுக்கி ஈயம் வைத்து டேப் சுற்றியிருப்பார்கள். புதியவற்றில் வரிசையாகக் குத்தூசிகள் நிற்கும் சின்னப் பட்டையில் செருகியிருப்பார்கள். பேட்டரி மாட்டி, கேபிள் செருகி, மீட்டரை 20 வோல்ட்டில் வைத்து, கறுப்புக் கம்பியை வால்யூம் கண்ட்ரோலின் முதுகிலும் சிவப்புக் கம்பியை ஒவ்வொரு பிக்கப்பின் சிவப்பு ஒயர் செருகும் ஊசியிலும் வையுங்கள். எல்லா இடத்திலும் பேட்டரியின் வோல்டேஜ் அப்படியே வர வேண்டும். ஒன்றில் மட்டும் வரவில்லை என்றால் செருகல் கழன்றிருக்கிறது. இரண்டிலும் வருகிறது, ஆனாலும் ஒன்று ஊமை என்றால் இரண்டின் செருகல்களையும் இடம் மாற்றிப் பாருங்கள். ஊமைத்தனம் பிக்கப்போடு போனால்தான் அது பிக்கப்பின் கோளாறு. சுவிட்ச் நிலையோடு நின்றுவிட்டால் பேட்டரிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, சுவிட்சையோ வால்யூமையோ பாருங்கள்.

இரண்டு பேட்டரி போட்டு 18 வோல்ட் ஆக்கியவர்கள் அதே ஊசியில் அளந்தால் 18-க்கு மேல் வர வேண்டும். ஒரு கிளிப்பின் சிவப்பு மற்றதன் கறுப்போடு சேர்ந்து, மிஞ்சிய கறுப்பு மட்டும் ஜாக்குக்குப் போக வேண்டும். 9 தான் வருகிறது என்றால் சிவப்போடு சிவப்பு, கறுப்போடு கறுப்பு என்று சேர்த்துவிட்டீர்கள். இஎம்ஜி 27 வோல்ட் வரை தாங்கும். மற்றவற்றுக்கு அவற்றின் தாளைப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.

சாதாரண பிக்கப் இருந்த கிட்டாரில் இஎம்ஜி மாற்றியிருந்தால், பிரிட்ஜிலிருந்து வரும் கிரவுண்டு ஒயர் இன்னும் இருக்கிறதா என்று பாருங்கள். அதை இணைக்க வேண்டாம் என்று இஎம்ஜியே சொல்கிறது. இந்த பிக்கப்புகளுக்கு இரைச்சலை அடக்க கிட்டார் கம்பிகள் கிரவுண்டாக வேண்டியதில்லை. இணைத்திருந்தால், எர்த் சரியில்லாத மேடையில் ஒரு கை கம்பியிலும் வாய் மைக்கிலும் இருக்கும்போது ஷாக் அடிக்க வழி உண்டு. கல்யாண மண்டபங்களின் பிளக் பாயிண்டுகளைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

எல்லாச் சோதனையும் சரி, மேடையில் மட்டும் ஊமை என்று ஒருவர் வந்தார். அவர் மேடையில் செருகியது வீட்டு மியூசிக் சிஸ்டத்தின் ஸ்டீரியோ கேபிள். அதன் பிளக்கில் வளையம் தனியாக இருப்பதால் ஜாக்கின் இரண்டு காலும் சேரவில்லை, பேட்டரி ஆன் ஆகவில்லை. சில ஒயர்லெஸ் டிரான்ஸ்மிட்டர்களின் பிளக்கும் இப்படி. பிளக்கில் கறுப்புக் கோடு ஒன்றா இரண்டா என்று எண்ணுங்கள். ஒன்று என்றால் மோனோ, அதுதான் நமக்கு வேண்டியது.

ஈயம் வைக்க வேண்டி வந்தால் முதலில் பேட்டரியை எடுத்துவிடுங்கள். ஜாக்கின் காலுக்கு 25 வாட் அயர்ன் போதும். ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவை ஒயரில் முன்கூட்டியே போட்டுக்கொள்ளுங்கள். பத்த வைத்து முடித்தபிறகு ஸ்லீவ் மேஜையில் கிடப்பதைப் பார்ப்பது எனக்கு இன்றைக்கும் நடக்கிறது. ஒயரில் அரை அங்குலம் தளர்வு விடுங்கள்.

மூடுவதற்கு முன் பேட்டரியைச் சுற்றி ஒரு துண்டு ஸ்பாஞ்ச். அது இல்லாவிட்டால் உள்ளே உருண்டு, பட்டன்கள் செம்புத் தாளில் இடிக்கும். ஸ்குரூ எல்லாம் போட்ட பிறகு, ஆம்ப் வால்யூமைக் குறைத்து வைத்துக் கேபிளைச் செருகுங்கள். மெல்லியதாக ஒரு 'தும்' கேட்கும், பிரீஆம்ப் விழித்துக்கொண்ட சத்தம். பேட்டரி மேல் சின்னத் துண்டு டேப் ஒட்டி மாற்றிய மாசமும் வருஷமும் எழுதி வைப்பேன். அந்தத் தம்பியின் பேட்டரியில் 'நவம்பர்' என்று எழுதினேன். ஈஸ்டருக்கு முந்தின வாரம் கம்பி மாற்ற வந்தபோது திறந்து அளந்தேன், 9.2 இருந்தது.